ஊசி போட்டால் உடம்பு குளிர்வது ஏன்?

டில்லியில் குளிர்காலம் வந்துவிட்டால் நம் தமிழர் வீடுகளில் ஸ்வெட்டர், ரஜாய், கீசர் என்றே பேச்சு போகும். இது வருடா வருடம் உள்ளதுதான். ஆனால் அண்மைக் காலமாக இன்னொரு பேச்சும் இதோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. "எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன். பத்து கிலோ இறங்கிவிட்டது. ஆனால் வீட்டில் எல்லோரும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு மட்டும் கை கால் சில்லிட்டுப் போகிறதே, ஏன் மாமா?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்து, ரயில்வேயில் இன்ஜின்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆனால் உஷ்ணம் எப்படி உண்டாகிறது, எப்படி வெளியேறுகிறது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. மனித உடம்பும் அந்தக் கணக்குக்கு உட்பட்டதுதான். ஆகவே எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் டாக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

முதலில் இந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். செமாக்ளுடைட், டிர்செபடைட் ஆகிய இரண்டும்தான் இன்று அதிகம் பேசப்படுபவை. டிர்செபடைட் மருந்து மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமாக்ளுடைட் மருந்து வெகோவி என்ற பெயரில் அதே வருடம் ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. சாப்பிட்டவுடன் நம் குடலில் சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் ஹார்மோனைப் போலவே இவை வேலை செய்கின்றன. பசி அடங்குகிறது, இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்குகிறது, சாப்பாடு குறைகிறது. 2021-ல் வெளியான ஆய்வில் செமாக்ளுடைட் போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. 2022-ல் வெளியான ஆய்வில், டிர்செபடைட்டை அதன் உச்ச அளவில் எடுத்தவர்களுக்கு 72 வாரங்களில் சுமார் 21 சதவீதம் குறைந்தது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவையே அடிக்கடி வரும் தொந்தரவுகள். குளிர் என்பது அந்த முதல் வரிசையில் இல்லை. அதனால்தான் பலரும் "இது நமக்கு மட்டும் வந்த கோளாறோ" என்று பயப்படுகிறார்கள்.

உடம்பின் உஷ்ணக் கணக்கு

ஒரு சராசரி மனிதர் ஒரு நாளில் 2000 கிலோகலோரி செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோகலோரிக்கு 4184 ஜூல். இதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஏறக்குறைய 97 வாட் வருகிறது. அதாவது நாம் ஒவ்வொருவரும் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு நூறு வாட் பல்புக்குச் சமம். இந்த உஷ்ணம்தான் நம்மை 98.6 டிகிரியில் வைத்திருக்கிறது.

இப்போது 95 கிலோ இருந்தவர் 80 கிலோவுக்கு வந்துவிட்டார் என்று கொள்வோம். சும்மா படுத்திருக்கும்போது ஆகும் செலவு, எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 10 கிலோகலோரி வீதம் குறையும். 15 கிலோவுக்கு 150. வாட்டில் சொன்னால் 7. அடுத்து, உணவைச் செரிக்கும் வேலையே உஷ்ணம் தருவது. சாப்பிட்டதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிச் செலவாகிறது. சாப்பாட்டில் 900 கலோரி குறைந்தால் இந்தக் கணக்கில் இன்னும் 4 வாட் போய்விடும். ஆக நூறு வாட் பல்பு இருந்த இடத்தில் இப்போது எண்பத்தொன்பது வாட்தான் எரிகிறது. "சாப்பாடு குறைந்தாலும் உடம்பிலுள்ள கொழுப்பு எரிகிறதே, அதுவும் உஷ்ணம்தானே?" என்று கேட்கலாம். சரிதான். அதனால்தான் நஷ்டம் இத்தோடு நிற்கிறது. இல்லாவிட்டால் பாதி அணைந்துபோயிருக்கும்.

இரண்டாவது காரணம் போர்வை. நான் வேலைக்குச் சேர்ந்த 1980களின் தொடக்கத்தில் நீராவி இன்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் பாய்லரைச் சுற்றி உஷ்ணம் வெளியேறாதபடி 'லாகிங்' என்று ஒரு கனத்த உறை இருக்கும். அது பிய்ந்துபோனால் அதே நிலக்கரிக்கு அதே நீராவி கிடைக்காது. நம் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பும் அப்படிப்பட்ட உறைதான். தசை உஷ்ணத்தைக் கடத்துவதில் ஏறக்குறைய பாதி அளவே கொழுப்பு கடத்தும். எடை குறையும்போது முதலில் சந்தோஷப்படுவது இந்த உறை மெலிவதைப் பார்த்துத்தான். ஆனால் குளிரைத் தடுத்துக்கொண்டிருந்ததும் அதுவே.

மூன்றாவது காரணம் தசை. இறங்கும் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. நான்கில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கும் அதிகமாக, கொழுப்பல்லாத பகுதி. அதில் தசையும் சேர்ந்தது. உடம்பின் பெரிய உலை தசைதான். குளிரில் நடுக்கம் எடுப்பதே தசைகள் அதிர்ந்து உஷ்ணம் உண்டாக்குவதற்காகத்தான்.

நான்காவது, உடம்பின் சிக்கனம். வரும்படி குறைந்த குடும்பத்தில் செலவைச் சுருக்குவதுபோல, சாப்பாடு குறைந்தவுடன் உடம்பும் தைராய்டு ஹார்மோனின் வீரியமான வடிவத்தைக் குறைத்து எரிப்பை மட்டுப்படுத்துகிறது. கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இருக்கும் உஷ்ணத்தை இதயம், மூளை முதலியவற்றுக்குக் காப்பாற்றி வைக்கிறது. அதனால்தான் விரல்கள் ஐஸாக இருக்கும், தெர்மாமீட்டர் வைத்தால் நார்மல் காட்டும். குளிர்வதுபோல் உணர்வது வேறு, உடம்பின் சூடு உண்மையிலேயே இறங்குவது வேறு.

இவையெல்லாம் ஊசிக்கு மட்டும் உரியவை அல்ல என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார். அவர்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். நாடித்துடிப்பு மந்தமாயிற்று. கோடைக்காலத்திலும் குளிர்கிறது என்று கம்பளி கேட்டார்கள். அன்று ஊசி ஏது? குறைந்த சாப்பாடும் இறங்கிய எடையும்தான் காரணம்.

எல்லாப் பழியையும் ஊசிமேல் போடலாமா?

இதைப் படித்துவிட்டு, "ஓ, ஊசியினால்தான், பரவாயில்லை" என்று எந்தக் குளிரையும் ஒதுக்கிவிடக் கூடாது. இந்தக் கட்டுரையை எழுதியதே இதைச் சொல்லத்தான். எங்கள் ஷெட்டில் இன்ஜினுக்குக் கோளாறு என்றால் ஊகிக்க விடமாட்டார்கள். கேஜைப் பார், பிறகு பேசு என்பார்கள். வீட்டிலும் மூன்று 'கேஜ்' வேண்டும்: தெர்மாமீட்டர், சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், ரத்த அழுத்தக் கருவி.

குளிரோடு ஜில்லென்ற வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், தலை கிறுகிறுப்பு இருந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். இந்த ஊசி மட்டும் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். ஆனால் இதோடு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு அது நிகழக்கூடும். 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு தெர்மாமீட்டர் 100.4 அல்லது அதற்கு மேல் காட்டினால் அது காய்ச்சல். சிறுநீர்த் தொற்று, மலேரியா, நிமோனியா எதுவாகவும் இருக்கலாம். 95-க்குக் கீழே இருந்தால் அதுவும் அவசரம். வயதானவர்களுக்கு இந்த நிலையில் குளிர் தெரியாமலே பேச்சு குழறி, மந்தமாகிவிடுவதுண்டு.

வாந்தி, வயிற்றுப்போக்கு தொடர்ந்து, எழுந்தால் கண் இருண்டால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள், சிறுநீரகத்துக்கு ஆபத்து. முதுகுவரை பரவும் கடுமையான வயிற்று வலி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மாதக்கணக்கில் குளிர் தொடர்ந்து, களைப்பும் மூச்சிரைப்பும் முடி உதிர்தலும் சேர்ந்தால் தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நம்மில் சைவ உணவுக்காரர் அநேகம். சர்க்கரைக்காக வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் அநேகம். இரண்டுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டினலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகளாலும் கை கால் சில்லிடுவதுண்டு.

குளிர்காலத்துக்குச் செய்ய வேண்டியவை

பசிக்கவில்லை என்று ஒரு டம்ளர் காப்பியோடு பகலை ஓட்டிவிடுவது சாதனை அல்ல. உலையில் கரி போடாமல் சூடு வராது. கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் அதில் புரதம் இருக்கட்டும். கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், பனீர், முட்டை என்று அவரவர் வழக்கப்படி. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நடை மட்டும் போதாது. தசையைக் காப்பாற்ற, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துப் பதினைந்து தடவை எழுந்து உட்காருவதும், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவதும் நல்ல பயிற்சி. டில்லியில் ஜனவரியில் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. அன்று விடியற்காலை நடையைத் தள்ளிவைத்து வெயில் வந்தபின் போகலாம்.

ஒரே கனத்த கோட்டைவிட, மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. இடையில் நிற்கும் காற்றே உறையாகிறது. தொப்பி, சாக்ஸ் மறக்க வேண்டாம்.

சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெந்நீர்ப் பையையோ ஹீட்டரையோ காலருகில் வைத்துக்கொண்டு தூங்கினால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. படுக்கைக்கு முன் வெந்நீர்ப் பையால் மெத்தையைச் சூடாக்கிவிட்டு, படுக்கும்போது எடுத்துவிடுங்கள். கதவு ஜன்னலைச் சாத்திய அறையில் கரி அங்கீட்டியை வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இந்தச் செய்தி வருகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸ் கீசரும் இதே ரகம். "குளிருக்கு இரண்டு பெக்" என்பதும் தவறு. மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, கதகதப்பாக இருப்பதுபோல் காட்டி, உள்ளிருக்கும் உஷ்ணத்தை வெளியே அனுப்பிவிடும்.

கடைசியாக ஒன்று. குளிர்கிறது என்பதற்காக ஊசியைத் தாமாக நிறுத்துவதும், எடை வேகமாக இறங்க அளவைத் தாமாகக் கூட்டுவதும் இரண்டுமே சரியல்ல. செமாக்ளுடைட் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். இன்று நிறுத்தினால் நாளை குளிர் போகாது. எடை இறங்கும் வேகத்தை மட்டுப்படுத்தலாமா, மற்ற மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். அதற்கு அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நம்மில் சிலர் இந்த ஊசி போடுவதை வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதான இருவர் மட்டும் என்ற குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் நடுங்கினால், பக்கத்தில் இருப்பவருக்கு என்ன மருந்து, என்ன அளவு, கடைசியாக என்றைக்குப் போட்டது என்பது தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு தாளில் எழுதி ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் டெலிபோன் நம்பரும் அதே தாளில் இருக்கட்டும்.