நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியவை

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளிவந்ததும் எமது கிராமங்களில் ஏதோ ஒரு வீட்டில் மகிழ்ச்சி குடிகொள்கிறது. பாடசாலை வாசலில் படத்துடன் பதாகை கட்டப்படுகிறது. மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் கூட்டம் வைத்து மாலை அணிவிக்கின்றன. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் மாலை போட்ட ஊர், அந்தப் பிள்ளை கொழும்புக்குப் பஸ் ஏறிய பின்னர் அங்கு எப்படி வாழ்கிறது என்று விசாரிப்பது குறைவு. பிள்ளையும் சொல்வதில்லை. 'ஊரே பெருமைப்படுகிறது, இனி நான் எப்படிக் கஷ்டத்தைச் சொல்வது?' என்ற எண்ணம் அதன் வாயைக் கட்டிவிடுகிறது.

கிராமப் பணியில் ஈடுபட்டிருக்கும் நாம், படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறோம். அவர்களுள் எவரும் அறிவிற் குறைந்தவர்களல்லர். கையிலிருந்த காசு முடிந்தது, விரிவுரை விளங்கவில்லை, சிரேஷ்ட மாணவருக்குப் பயம், தனிமை என்று இவற்றுள் ஒன்றே காரணமாக இருந்தது. உரிய நேரத்தில் உரிய ஒருவரிடம் வாய்திறந்து கேட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு வழி பிறந்திருக்கும். ஆகவே, நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பும் பெற்றோரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை, கொழும்புப் பல்கலைக்கழகத்தை மனதிற்கொண்டு இங்கு தருகிறோம்.

இடம் உங்கள் உரிமை

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வேர், 1921ஆம் ஆண்டில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1978இல் கொழும்பு தனிப் பல்கலைக்கழகமாக அமைந்தது. பேராதனையைப் போல மலையும் ஆறும் சூழ்ந்த பரந்த வளவுக்குள் விடுதிகளும் வகுப்புகளும் அமைந்த இடமல்ல இது. நகரத்தின் வீதிகள் இதனூடாகவே செல்கின்றன. மருத்துவ பீடம் தேசிய வைத்தியசாலைக்கு அருகில், கின்சி வீதியில் தனியாக இருக்கிறது. எனவே இங்கு படிப்பவர் பல்கலைக்கழகத்தில் மட்டுமன்றி, நகரத்திலும் வாழப் பழகவேண்டும்.

போன சில நாட்களிலேயே, "நீங்கள் கோட்டாவில் வந்தவர்கள்தானே" என்று யாராவது ஏளனமாகச் சொல்லக்கூடும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. விஞ்ஞான ஆசிரியரோ ஆய்வுகூடமோ இல்லாத பாடசாலையிலிருந்து வரும் பிள்ளையையும், எல்லா வசதியும் உள்ள நகரப் பாடசாலைப் பிள்ளையையும் ஒரே கோலால் அளக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இது எவரும் போட்ட பிச்சையல்ல. தலைகுனியத் தேவையில்லை.

முதல் மாதங்களின் செலவு

மகாபொல புலமைப்பரிசில் நிதியம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் கருத்திற் கொண்டு அது வழங்கப்படுகிறது. அது கிடைக்காத வறிய மாணவருக்கு 'உதவுதொகை' எனும் வேறொரு கொடுப்பனவு உண்டு. மாதம் 5,000 ரூபாவாக இருந்த மகாபொலவை 7,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. நீங்கள் செல்லும் வருடத்துக்குரிய தொகையைப் பல்கலைக்கழக அலுவலகத்திற் கேட்டறியுங்கள்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இப்பணம் வருடத்துக்குப் பத்துத் தவணைகளாகவே கிடைக்கும். 7,500 ரூபாவைப் பத்தாற் பெருக்கிப் பன்னிரண்டாற் பிரித்தால் மாதத்துக்கு 6,250 ரூபாதான் வருகிறது. கொழும்பில் அறை வாடகைக்கே இது போதாது. இரண்டாவது, முதலாவது தவணை கைக்கு வரச் சில மாதங்கள் செல்வதுண்டு. ஆகையால், மகாபொலவை நம்பி வெறுங்கையுடன் பிள்ளையை அனுப்பக்கூடாது. குறைந்தது நான்கு மாதச் செலவையாவது வட்டியில்லாமல் திரட்ட வழி தேடுங்கள். நகையை அடகுவைக்கும் முன்னர் சனசமூக நிலையத்திடமும், சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திடமும், ஊரிலிருந்து வெளிநாடு சென்றவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

விண்ணப்பத்துக்கு வருமான அத்தாட்சி வேண்டும். கிராம அலுவலரின் கையொப்பமும் பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தலும் ஒரே நாளில் கிடைப்பதில்லை. பதிவுக்குச் செல்லும் முன்னரே இவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதிகள் வைத்திருங்கள். அரச வங்கியொன்றில் பிள்ளையின் பெயரில் கணக்கும் திறந்துவிடுங்கள்.

தங்குமிடம்

விடுதி வசதி எல்லோருக்கும் எல்லா வருடமும் கிடைப்பதில்லை. பொதுவாக முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும் முன்னுரிமை உண்டு. இடையிலுள்ள வருடங்களில் வெளியே போர்டிங் தேட நேரிடும். தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் நம் பிள்ளைகள் அறை தேடுகிறார்கள். கடலோரமாக உள்ள முதலிரண்டு இடங்களிலும் வாடகை அதிகம். சற்று உள்ளே சென்றால் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

அறை எடுக்கும்போது பின்வருவனவற்றைக் கேளுங்கள். எத்தனை மாத முற்பணம்? திருப்பித் தருவார்களா? மின்சாரமும் தண்ணீரும் வாடகைக்குள் அடங்குமா? சமைக்க விடுவார்களா? இரவு எத்தனை மணிக்குப் படலை பூட்டுவார்கள்? ஓர் அறையில் எத்தனை பேர்? கொடுத்த பணத்துக்குக் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் வரவேண்டாம். 'நம்மட ஆள்தானே' என்று வாய்ப்பேச்சில் முற்பணம் கொடுத்துவிட்டு, வெளியேறும்போது அதை இழந்தவர்கள் பலர்.

மூன்று நேரமும் கடைச் சாப்பாடு கட்டுப்படியாகாது. பகலில் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் உண்டு, இரவில் அறை நண்பர்களுடன் சேர்ந்து சமைப்பது நல்லது. ஆண் பிள்ளைகளுக்கும் சோறும் பருப்பும் ஒரு சம்பலும் ஆக்கத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டிலிருக்கும் நாட்களிலேயே தாய்மார் இதைப் பழக்கிவிடலாம்.

பயணமும் உடல்நலமும்

காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸும், ஹைலெவல் வீதியால் வரும் 138ஆம் இலக்க பஸ்ஸும் மாணவர்கள் அதிகம் பயன்படுத்துபவை. மாணவருக்கான பருவச்சீட்டைப் பற்றிப் பல்கலைக்கழக அலுவலகத்தில் விசாரியுங்கள். செலவு வெகுவாகக் குறையும். தேசிய அடையாள அட்டையையும் மாணவர் அடையாள அட்டையையும் எப்போதும் கையில் வைத்திருங்கள்.

நெரிசலான பஸ்ஸில் பெண் பிள்ளைகள் தொல்லைக்குள்ளாவது வெட்கத்தால் மூடிவைக்க வேண்டிய விடயமல்ல. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உரத்துச் சத்தமிடுங்கள், நடத்துநரிடம் சொல்லுங்கள், 119க்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

கொழும்பில் டெங்கு ஒரு நிரந்தர அபாயம். 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். காய்ச்சல் கண்டால் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரைகளை, முக்கியமாக அஸ்பிரினையும் இபுபுரொஃபனையும், எடுக்கக்கூடாது. இரண்டு நாட்களுக்குமேல் காய்ச்சல் நீடித்தால் அறையிலேயே படுத்திராமல் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கோ அரச வைத்தியசாலைக்கோ சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அம்புலன்ஸ் தேவைப்பட்டால் 1990க்கு அழையுங்கள்; அதற்குக் கட்டணமில்லை.

விளங்காத விரிவுரை

மருத்துவம், விஞ்ஞானம் போன்ற பீடங்களில் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. கலைப் பாடங்கள் சிலவற்றைத் தமிழிற் கற்க முடிந்தாலும் நூலகத்தில் உள்ள நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளைக்கும் முதல் மாதம் ஒன்றும் விளங்காமற் போவது இயல்பு. பக்கத்தில் இருப்பவர் வேகமாக எழுதுவதைப் பார்த்து, 'எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை' என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கும் பாதிதான் விளங்கியிருக்கும்.

ஆங்கிலம் கற்பிப்பதற்கெனப் பல்கலைக்கழகத்தில் தனிப்பிரிவு இருக்கிறது. அந்த வகுப்புகளைத் தவறவிடக்கூடாது. தெரியாத சொற்களைத் தினமும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, அன்றன்று நடந்த பாடத்தைத் தமிழில் ஒருவருக்கொருவர் விளக்கிப் பாருங்கள். விரிவுரையாளரிடம் தனியாகச் சென்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சிங்களமும் ஓரளவு பேசப் பழகினால் நட்பு வட்டம் பெருகும். பல பாடநெறிகளில் 80 வீத வரவில்லாமற் பரீட்சைக்குத் தோற்ற முடியாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

அறையில் படிக்க வசதி இல்லாவிட்டால் நூலகங்கள் உண்டு. பல்கலைக்கழக நூலகத்தைத் தவிர, அருகிலேயே கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தையில், 1942இல் ஆரம்பிக்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் தமிழ் நூல்கள் நிறைய உள்ளன.

பகிடிவதை

'எல்லோரும் பட்டதுதானே, நீயும் பொறுத்துக்கொள்' என்று ஊரிலுள்ள பெரியவர்களே சொல்வதைக் கேட்கிறோம். இது ஆபத்தான ஆலோசனை. 1997ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். மறுவருடமே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. அச்சட்டப்படி பகிடிவதை செய்பவருக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். அதனால் பாரதூரமான காயமோ பாலியல் தொந்தரவோ நேர்ந்தால் தண்டனை பத்து வருடம் வரை செல்லும்.

சட்டம் இருந்தும் கொடுமை முற்றாக ஒழியவில்லை. காரணம், அது மௌனத்தில் வளர்கிறது. மாணவ ஆலோசகர், பீடாதிபதி, விடுதிப் பொறுப்பாளர் ஆகிய மூவரின் தொலைபேசி இலக்கங்களையும் முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் நேரடியாக முறையிடலாம். என்ன நடந்தது, எப்போது, எங்கே, யார் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். அடுத்த வருடம் நீங்களே சிரேஷ்ட மாணவராகும்போது, பட்ட கொடுமையைப் புதியவர்மேல் இறக்காமலிருப்பதும் உங்கள் பொறுப்பு.

தனிமை

வயலும் குளமும், அல்லது லயமும் தேயிலை மலையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பக்கத்து அறைக்காரரின் பெயர்கூடத் தெரியாத நகரம் பெரும் பாரமாகத் தோன்றும். நித்திரை வராமை, சாப்பாட்டில் வெறுப்பு, வகுப்புக்குப் போக மனமின்மை, 'நான் இருந்து என்ன' என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் அது சோம்பலல்ல, சுகவீனம். பல்கலைக்கழக உளவளத்துணையாளரிடம் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தோடு எந்நேரமும் பேசலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பெற்றோரும் தொலைபேசியில் "படிக்கிறாயா?" என்பதோடு நிறுத்தாமல், "சாப்பிட்டாயா, யாரோடு பழகுகிறாய், காசு இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும். பிள்ளை ஒரு பாடத்தில் தவறிவிட்டேன் என்றால் ஏசவேண்டாம். ஏச்சுக்குப் பயந்தால் அடுத்த முறை உண்மையைச் சொல்லாது.

ஊர் செய்ய வேண்டியது

இவையெல்லாவற்றையும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. கிராம மட்டத்தில் நாம் செய்யக்கூடியவை பல.

எமது ஊரிலிருந்து எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் யார் யார் படிக்கிறார்கள் என்ற பட்டியலைச் சங்கம் வைத்திருக்கலாம். புதிதாகச் செல்லும் ஒவ்வொருவரையும் ஏற்கனவே அங்குள்ள ஒருவரோடு, முடிந்தால் அதே பீடத்தவரோடு, இணைத்துவிடலாம். முதல் நாள் பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துச் செல்ல ஒருவர் இருந்தாலே பாதிப் பயம் தீரும். சுழற்சி நிதியொன்றை ஆரம்பித்து, மகாபொல கிடைக்கும்வரை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம். படித்து முடித்து வேலைக்குப் போனவர் அதைத் திருப்பிக் கட்டினால் அடுத்த பிள்ளைக்கு உதவும். விடுமுறையில் வரும் மாணவரை அழைத்து, உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு பேசவைக்கலாம். கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்லச் செய்வதே பிரயோசனம்.

மாலைக்கும் பதாகைக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி போதும், இந்த நிதிக்கு அத்திவாரம் இட. அடுத்த வெட்டுப்புள்ளி வெளிவரும்வரை காத்திராமல், வரும் மாதச் சங்கக் கூட்டத்திலேயே இதை நிகழ்ச்சி நிரலிற் சேர்த்துப் பேசி முடிவெடுக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.