ஏரி வண்டலும் யூரியா மூட்டையும்

காஞ்சிபுரம் என்றவுடன் கோபுரங்களும் பட்டுப் புடவையும் நினைவுக்கு வருவது இயல்பு. போஜனப் பிரியர்களுக்கு மிளகும் சுக்கும் மணக்கும் கோவில் இட்லியும் நினைவுக்கு வரக்கூடும். ஆனால் இந்த க்ஷேத்திரத்துக்குச் சோறு போட்டு வருபவை சுற்றிலுமுள்ள ஏரிகள். செங்கல்பட்டு 2019-ம் ஆண்டில் தனி ஜில்லாவாகப் பிரிந்த பின்னரும், காஞ்சிபுரம் ஜில்லாவில் 300-க்கு மேற்பட்ட ஏரிகள் சர்க்காரின் நீர்வளத் துறைப் பொறுப்பில் இருக்கின்றன. தெற்கே பாலாறு, நகரையொட்டி வேகவதி, இவ்விரண்டும் செய்யாறும் திருமுக்கூடலில் ஒன்று கூடுகின்றன. இவ்வளவு நீர்ச்செல்வம் படைத்த ஊரில், இன்று நீரின் நிறத்தைக் கண்டு கவலைப்பட வேண்டிய காலம் வந்திருக்கிறது.

வேகவதியின் கரையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்கள் இதை அறிவார்கள். தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் ஆகாயத்தாமரை கம்பளம் விரித்திருக்கிறது. நத்தப்பேட்டை ஏரியில் நகரத்துக் கழிவுநீர் கலப்பதாகக் குடியானவர்கள் முறையிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பசுமைதான். ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் செழிப்பு ஆகாது.

ஒரு மாணவனின் கேள்வி

நாம் பாடம் சொல்லும் பள்ளியில் ஒரு சிறு பரீட்சை செய்து பார்த்தோம். இரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஒரே குளத்துத் தண்ணீரை நிரப்பினோம். ஒன்றில் மட்டும் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் ஒரு சிட்டிகை போட்டு, இரண்டையும் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தோம். பன்னிரண்டு நாளில் உரம் பெற்ற தண்ணீர் பச்சைக் குழம்பாயிற்று; பின்னும் சில நாளில் நாற்றமெடுத்தது. மற்றது ஏறக்குறைய வைத்தபடியே இருந்தது. அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, "சார், உரம் நல்லது என்றுதானே சொல்லிக்கொடுத்தீர்கள்? பிறகு தண்ணீர் ஏன் கெட்டுப்போயிற்று?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்லிய பதிலையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

எமது ஜாடிப் பரீட்சையைப் பெரிய அளவில் செய்தவர்கள் கானடா தேசத்து விஞ்ஞானிகள். 1973-ம் ஆண்டில், ஒண்டாரியோ மாகாணத்தில் 226-ம் எண்ணுள்ள ஏரியின் நடுவே திரை கட்டி, டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய சகாக்களும் அதை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதிகளிலும் கரியும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் கூடச் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் கிடைத்த பாதி முழுவதும் பாசி படர்ந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அதன் படம் உலகப் பிரசித்தி பெற்றது.

குடியானவர்கள் தழைச்சத்து என்பது நைட்ரஜனை. மணிச்சத்து என்பது பாஸ்பரஸை. நெற்பயிரை வளர்க்கும் இந்தச் சத்துக்கள் பாசியையும் வளர்க்கும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன. தழைச்சத்தின் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது நம் தேசத்து விதி. அளவு மீறினால் கைக்குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது. பாலாற்று மணலடியில் ஊறும் நீரைக் குடிக்கும் நமக்கு இது தூரதேசத்துச் சமாசாரம் அல்ல.

மூட்டை வந்த கதை

அப்படியானால் ரசாயன உரத்தை ஒழித்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அவசரப்படுவதற்குமுன் அது வந்த சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

இந்தியாவிலேயே முதன்முதலாக ரசாயன உரம் செய்த தொழிற்சாலை, 1906-ம் ஆண்டில், இதே பாலாற்றங்கரையில் நமக்கு மேற்கேயுள்ள ராணிப்பேட்டையில் ஏற்பட்டது. அங்கே தயாரானது சூப்பர் பாஸ்பேட், அதாவது மணிச்சத்து. மூன்று ஆண்டுகள் கழித்து, 1909-ல், ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார். 1913-ல் கார்ல் போஷின் முயற்சியால் அது தொழிற்சாலைச் சரக்காயிற்று. இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் உணவு அந்த வழியில் கிடைத்த தழைச்சத்தை நம்பியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள்.

1943-ம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் மாண்டவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கலாம் என்பர். அந்தப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. ஆயினும் சோற்றுக்குப் பிறரை எதிர்பார்க்கும் தேசத்தின் நிலை எத்தகையது என்பதை அது காட்டிற்று. 1960-களின் பிற்பகுதியில் புதிய நெல் ரகங்களும் யூரியாவும் ஒருங்கே வந்தபின்னரே அந்த அச்சம் தணிந்தது. அந்த உபகாரத்தை நன்றியுள்ளவர்கள் மறக்கலாகாது.

உரத்தைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அண்டை நாடாகிய இலங்கை நமக்குக் காட்டியிருக்கிறது. 2021-ம் ஆண்டு மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியை அந்நாட்டு அரசு தடை செய்தது. இயற்கை உரத்தை அதற்கு ஈடாகச் சேகரிக்கவோ, குடியானவர்களைப் பழக்கவோ அவகாசம் கொடுக்கவில்லை. எதிர்ப்பு வலுக்கவே நவம்பரில் தடையைத் தளர்த்த நேர்ந்தது. எனினும் அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வெகுவாகக் குறைந்து, அரிசியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. நோக்கம் நல்லதாயிருந்தும், அவசரத்தின் விலையை ஏழைகளின் வயிறு கொடுத்தது.

எங்கே தவறுகிறோம்?

நெல்லுக்கு இடும் தழைச்சத்தில் சாதாரணமாக 30 முதல் 40 சதவிகிதம் வரையே பயிருக்குப் போய்ச் சேருகிறது. மிச்சத்தில் ஒரு பங்கு மண்ணில் தங்க, மற்றது ஆவியாகக் காற்றிலும் நீரோடு வாய்க்காலிலும் போகிறது. மணிச்சத்தின் சுபாவம் வேறு. அது மண் துகளைப் பற்றிக்கொள்ளும். மழையில் மண் கரைந்தால் அதனுடன் சென்று ஏரியில் படியும்.

இதை ஒரு பெரியவரிடம் எடுத்துச் சொன்னோம். இரண்டு காணி நிலத்தில் நெல் பயிரிடுகிறவர் அவர். "வாத்தியார் ஐயா, பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கும்போது நம் வயல் வெளுத்திருந்தால் மனசு கேட்குமா? யூரியாதான் இருப்பதற்குள் மலிவு. இன்னொரு கை வீசிவிட்டு வருகிறோம்" என்றார். அவர்மீது குற்றமில்லை. 45 கிலோ யூரியா மூட்டைக்கு, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கூலியும் நீங்கலாக, 242 ரூபாய் என்று சர்க்கார் விலையைக் கட்டிவைத்திருக்கிறது. 2010-ம் ஆண்டிலிருந்து மற்ற உரங்களின் விலை ஏற வழிவிட்ட சர்க்கார், யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டிலேயே வைத்தது. மலிவான பொருளை மனிதன் தாராளமாக வீசுகிறான்.

ஆனால் பழியை வயலின் தலையிலேயே சுமத்திவிட்டு நகரவாசிகள் தப்பிக்க முடியாது. ஒரு மனிதர் ஆண்டுதோறும் வெளிவிடும் தழைச்சத்து 2½ கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2011-ம் ஆண்டு ஜனக்கணக்குப்படி காஞ்சி நகரத்தில் சுமார் 1,64,000 பேர். பெருக்கிப் பார்த்தால், ஏறக்குறைய 20,000 மூட்டை யூரியாவில் உள்ள தழைச்சத்தை ஒவ்வோர் ஆண்டும் இந்நகரம் வெளியேற்றுகிறது! நம் பெருமைக்குரிய பட்டுக்கும் இதில் பங்குண்டு. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, இழையின்மேல் பூசியுள்ள பிசின். சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் நூலை வேகவைத்து அதை நீக்குகிறார்கள். அந்தப் பிசின் புரதமே. அதிலும் தழைச்சத்து இருக்கிறது.

வயலிலிருந்து சத்து நெல்லாக நகரத்துக்கு வருகிறது. நகரத்திலிருந்து அது வயலுக்குத் திரும்பாமல் ஆற்றில் விழுகிறது. இழந்ததை ஈடுசெய்ய மறுபடியும் மூட்டை வாங்குகிறோம். மணிச்சத்துக்கு வேண்டிய பாறையில் பெரும்பகுதி மொராக்கோ, ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வரவேண்டியிருக்கிறது. ரொக்கம் கொடுத்து வாங்கிய பொருளை வேகவதியில் கொட்டிவிட்டு, வேகவதி கெட்டுப்போயிற்று என்று வருந்துகிறோம்.

முன்னோர் செய்ததும் நாம் செய்யவேண்டியதும்

காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூர்க் கோவில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ம் ஆண்டுச் சாசனங்கள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றைப் போற்றுகிறோம். அந்தத் தேர்தலில் அமைந்த சபைகளுள் ஒன்று ஏரி வாரியம் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. அவ்வூரின் வைரமேக தடாகத்தில் வண்டல் எடுப்பதற்கென்று தானம் வைத்த சாசனங்களும் உண்டு. கோடையில் எடுத்த வண்டல் வயலுக்குப் போகும்; மழையில் கரைந்துவந்த மணிச்சத்து வண்டியேறி வீடு திரும்பும். ஏரியும் ஆழமாயிற்று, வயலும் கொழுத்தது.

அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. குடியானவர்கள் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளத் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு 2024-ம் ஆண்டில் விதியை எளிதாக்கியது. அத்திவரதரைத் தரிசிக்க 1979-க்குப் பிறகு 2019 வரை நாற்பது ஆண்டு காத்திருந்தோம். பக்திக்கு அது தகும். ஏரியைத் தூர்வார அவ்வளவு நாள் காத்திருக்கலாகாது.

யூரியாவை வீசும் கைக்கு ஒரு துணையும் இருக்கிறது. இலை வண்ண அட்டை என்று பெயர். பச்சையின் பல சாயல்கள் பட்டைபட்டையாக அச்சிட்ட சிறு அட்டை. நடவு செய்த பதினாலாம் நாள் முதல் வாரந்தோறும் நெல்லிலையை அதனுடன் ஒப்பிட வேண்டும். சாதாரண ரகங்களுக்கு நாலாம் எண்ணுக்கும், வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண்ணுக்கும் கீழே நிறம் வெளுத்தால்தான் மேலுரம் தேவை. பக்கத்து வயலைப் பார்த்து மனம் கலங்குவதைவிட அட்டையைப் பார்த்து முடிவு செய்வது பணத்துக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது. நடவுக்கு முன்னே தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், காற்றிலுள்ள தழைச்சத்தே மண்ணில் சேரும். மழை மூட்டமாயிருக்கும் நாளில் உரம் இடாமையும், உரமிட்ட வயலின் மடையை அடைத்துவைத்தலும் காசு செலவில்லாத காரியங்கள். முன் சொன்ன பெரியவர் இம்முறை அரைக்காணியில் மட்டும் அட்டையைப் பார்த்து உரமிடச் சம்மதித்திருக்கிறார். "பார்க்கலாம் ஐயா, விளைச்சல் குறைந்தால் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவேன்" என்று எச்சரித்துமிருக்கிறார்!

நகரத்தின் கடமை இதற்குக் குறைந்ததல்ல. மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழியில், வீடுகளின் கழிவுத்தொட்டிக் கசடைப் பதப்படுத்தி உலர்த்தும் நிலையம் 2017-ம் ஆண்டில் ஏற்பட்டது. அத்தகைய கசடைக் குப்பையுடன் முறைப்படி மட்கவைத்தால் எருவாகும். ஆனால் சாயப்பட்டறை நீர் அதனுடன் கலந்துவிட்டால் அந்த எருவை எந்த வயலும் ஏற்காது. ஆகையால் சாயநீர் வேறு, வீட்டுக் கழிவு வேறு என்று பிரிப்பதே முதல் காரியம். சமையலறைக் கழிவைத் தனியே மட்கவைப்பதும், கழிவுத்தொட்டி லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்பதும் ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை.

அந்தச் சிறுவனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, உரம் நல்லதே. ஆனால் அது வயலுக்குச் சொந்தமானது. வழிதவறி ஏரிக்குப் போனால் அங்கே அது அந்நியன்." அவன் சற்று யோசித்து, "அப்படியானால் அதைத் திரும்ப அழைத்து வரவேண்டும், சார்" என்றான். பச்சைத் தண்ணீர் ஜாடியை அவனே எடுத்துக்கொண்டுபோய், பள்ளித் தோட்டத்து வாழைக்கு ஊற்றினான்.