நெற்களத்திற்கு எத்தனை மூட்டை சிமென்ட்?

தென்காசி வட்டாரத்தில் கார் நெல் அறுவடைக்கு வரும்போது, குற்றாலச் சாரல் முழுவதும் ஓய்ந்திருக்காது. அடுத்து வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்திற்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சாலையில் காயவைத்தால் கல்லும் மண்ணும் கலக்கும். விபத்து பயமும் உண்டு. அதனால் தோட்டத்திலேயே சிமென்ட் களம் போடுவது நல்லது. பிசான அறுவடை முடிந்த கோடைக்காலம் அதற்கு ஏற்றது.

கணக்கு இதுதான்

40 அடி நீளம், 30 அடி அகலம், 4 அங்குல கனத்தில் களம் என்று வைத்துக்கொள்வோம். 40 x 30 = 1,200 சதுர அடி. 4 அங்குலம் என்பது மூன்றில் ஒரு அடி. ஆகவே கான்கிரீட் 400 கன அடி.

சிமென்ட், மணல், ஜல்லி மூன்றும் நீருடன் கலந்து இறுகும்போது அளவு குறையும். எனவே 1.54 ஆல் பெருக்க, 616 கன அடி வரும். 1:2:4 கலவையில் மொத்தம் 7 பங்கு. ஒரு பங்கு 88 கன அடி. ஒரு மூட்டை சிமென்ட் சுமார் 1.225 கன அடி. அதன்படி தேவை: சிமென்ட் 72 மூட்டை, எம்-சாண்ட் ஒன்றே முக்கால் யூனிட், முக்கால் அங்குல ஜல்லி மூன்றரை யூனிட். சேதாரத்திற்கு 5 சதவீதம் கூட்டிக்கொள்ளவும். நெல் ஏற்றிய டிராக்டர் களத்தில் ஏறும் என்றால் 6 அங்குல கனம் வேண்டும். அதற்கு 108 மூட்டை ஆகும்.

கணக்கு எங்கே தப்புகிறது?

பெரும்பாலும் தரையில்தான். இந்தக் களத்தில் 1 அங்குலம் கனம் கூடினால் 18 மூட்டை கூடுதல். மழைநீர் வடிய 30 அடிக்கு 3 அங்குல வாட்டம் தேவை. தரையைச் சமமாக விட்டு, வாட்டத்தைக் கான்கிரீட்டில் கொடுத்தால் 27 மூட்டை வீண். வாட்டத்தை மண்ணிலேயே கொடுத்து, சரளை பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, நூல் கட்டிச் சரிபார்த்த பிறகே கலவை போட வேண்டும்.

களத்தை 10 அடிக்கு 10 அடியாக 12 கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் போடுங்கள். கட்டத்திற்கு 6 மூட்டை. முதல் கட்டத்திலேயே ஏழாவது மூட்டையைப் பிரிக்க நேர்ந்தால், வேலையை நிறுத்தித் தரையை அளந்து பாருங்கள்.

ஈர மணல் எச்சரிக்கை

ஈர மணல் உப்பி நிற்கும். சட்டியால் அளந்தால் மணல் குறைவாகவே சேரும். கண்ணாடி ஜாடியில் ஈர மணலை 10 அங்குலம் நிரப்பி, நீர் ஊற்றிக் கிளறித் தெளியவிடுங்கள். மணல் 8 அங்குலமாக இறங்கினால், 4 சட்டி போடும் இடத்தில் 5 சட்டி போட வேண்டும்.

போட்ட களத்தில் பாத்தி கட்டி, குறைந்தது 10 நாள் நீர் நிறுத்துங்கள். இதைத் தவிர்த்தால் வெடிப்பு விழும்; வெடிப்பில் சிக்கும் நெல் நமக்குத்தான் நஷ்டம்.