பழைமை வடிவும் பயத்தின் அடித்தளமும்: உலாவித் திகில் விளையாட்டுக்கள் பற்றித் துணுக்காயிலிருந்து ஒரு நோக்கு

இலக்கிய ஆய்வாளர் கணினி விளையாட்டைப் பற்றி எழுதுவது தகுமா என்னும் வினா எழுவது இயல்பே. கூத்தும் நாடகமும் ஆய்வுப் பொருளாக ஏற்கப்படுவதற்கே நமது கல்வியுலகில் நீண்ட காலம் சென்றது. 1981இல் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பாடல் ஊடகமாகக் கொண்டு நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். வெகுசனக் கலை வடிவமெதுவும் சமூக உறவுகளுக்குப் புறம்பானதன்று என்ற அடிப்படையை அவ்வாய்வு நமக்கு வழங்கியது. அந்த அடிப்படையில் நின்றே, இணைய உலாவியில் பத்து அல்லது இருபது நிமிடங்களில் ஆடி முடிக்கத்தக்க சிறு திகில் விளையாட்டுக்களை ஈண்டு நோக்குகின்றோம்.

இவ்வகை விளையாட்டுக்களின் முதன்மைப் பண்பு, அவை வேண்டுமென்றே பழையனவாகத் தோற்றமளிப்பதாகும். உருவங்கள் கரடுமுரடானவை, நிறங்கள் மங்கியவை, ஒலி இரைச்சல் கலந்தது. சுவர்களின் விளிம்புகள் நடுங்குகின்றன. சில அடிகளுக்கு அப்பால் மூடுபனி அல்லது இருள். இவை யாவும் ஒரு காலத்தில் குறைபாடுகளாக இருந்தவை. 1994 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்த சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் கருவியின் பிரதான நினைவகம் 2 மெகாபைட்டு மட்டுமே. பல்கோணங்களின் முனைகளை அது முழு எண் ஆள்கூறுகளிலேயே நிறுத்தியமையால் உருவங்கள் நடுங்கின. தூர நோக்கிற்கேற்ப மேற்பரப்புச் சித்திரங்களைத் திருத்தும் வசதி இன்மையால் சுவர்களும் தரைகளும் நெளிந்தன. 1999இல் வெளிவந்த ‘சைலன்ற் ஹில்’ என்னும் விளையாட்டின் புகழ்பெற்ற மூடுபனி, தொலைவிலுள்ளவற்றை வரைய இயலாத கருவியின் வறுமையை மறைக்கவும் உதவியது. தொழில்நுட்பத்தின் எல்லையே பயத்தின் அழகியலாக மாறியது எனலாம். முழுதாகக் காணமுடியாததை மனம் தானே நிரப்பிக்கொள்கின்றது. பயமும் அங்கேயே பிறக்கின்றது.

இன்றைய கணினிகளுக்கு அத்தகைய எல்லைகள் இல்லை. ஆயினும் அவற்றைப் போலச்செய்வது ஏன்? இதனைக் கடந்தகால ஏக்கம் என்று மட்டும் கூறுதல் பாதி விளக்கமே. மறுபாதி உற்பத்தி முறையில் உள்ளது. பெருநிறுவனமொன்றின் விளையாட்டை நூற்றுக்கணக்கான ஊழியர் பல்லாண்டுகள் உழைத்து ஆக்குகின்றனர். உலாவித் திகில் விளையாட்டையோ தனியொருவர் சில வாரங்களில் ஆக்கிவிடலாம். கிறிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்ட ‘ருவைன்’ என்னும் இலவசக் கருவி, நிரலெழுத அறியாதாரும் கிளைவிடும் கதைகளை ஆக்க வழிசெய்தது. 2013இல் தொடங்கப்பட்ட ‘இற்ச்.ஐஓ’ தளம் இத்தகைய ஆக்கங்களுக்குச் சந்தையாகவும் மன்றமாகவும் விளங்குகின்றது. கரடுமுரடான உருவங்களை வரைவதற்குச் செலவு குறைவு. எனவே பழைமை வடிவு என்பது சிறு உற்பத்தியாளனின் வறுமையை அழகாக மாற்றும் உபாயமுமாகும்.

எனினும் இச்சுதந்திரம் எல்லையற்றதன்று. அடோபி நிறுவனம் 2020இன் இறுதியில் தனது ‘பிளாஷ்’ மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியபோது, அதில் ஆக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான உலாவி விளையாட்டுக்கள் இயங்காதொழிந்தன. ஆர்வலர்கள் ‘ரஃபிள்’ முதலிய மாற்று மென்பொருள்களால் அவற்றுட் பலவற்றை மீட்டனர். ஆக்கம் தொழிலாளியுடையதாயினும் கருவி முதலாளியுடையதாயின், ஆக்கத்தின் ஆயுளைக் கருவிக்குரியவரே தீர்மானிப்பர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பயத்தின் சமூக உள்ளடக்கம் பற்றி மார்க்சியத் திறனாய்வு முன்னரே சிந்தித்துள்ளது. கார்ல் மார்க்ஸ் ‘மூலதன’த்தில் (1867) மூலதனத்தை இரத்தம் உறிஞ்சும் பிசாசுக்கு ஒப்பிட்டார். இத்தாலியத் திறனாய்வாளரான பிராங்கோ மொரெற்றி, ‘பிராங்கன்ஸ்ரைன்’ (1818), ‘டிராகுலா’ (1897) ஆகிய நாவல்களை முறையே பாட்டாளி வர்க்கம் பற்றியதும் ஏகபோக மூலதனம் பற்றியதுமான அச்சங்களின் வடிவங்களாக வாசித்தார். உலாவி விளையாட்டுக்களுள்ளும் இவ்வாசிப்புக்கு இடமுண்டு. மைக்கேல் லட்ஸ் 2014இல் ‘ருவைன்’ கருவியால் ஆக்கிய ஒரு விளையாட்டின் தலைப்பு ‘நின்டென்டோவில் வேலை செய்யும் மாமா’ எனப் பொருள்படும். நண்பன் வீட்டில் இரவு தங்கும் சிறுவர் ஒருவராக நாம் ஆடுகின்றோம். நண்பனின் மாமா நள்ளிரவில் வருவார் எனச் சொல்லப்படுகின்றது. வேறு முடிவுகளைக் காண மீண்டும் மீண்டும் ஆடவேண்டியிருக்கின்றது. பிறரிடமில்லாத விளையாட்டுப் பண்டங்கள் தமக்குக் கிட்டும் எனப் பீற்றிக்கொள்ள அமெரிக்கச் சிறுவர் கூறிவந்த பொய்யே இங்கு திகிலின் கருவாகின்றது. பண்டத்தின் மீதான ஆசையும் அதனைத் தருபவன் மீதான அச்சமும் ஒன்றே என்பதை நூலறிவின் துணையின்றியே இவ்விளையாட்டு உணர்த்திவிடுகின்றது.

இனி நாம் நிற்கும் மண்ணுக்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், வவுனிக்குளத்தின் அயலில் அமைந்தது துணுக்காய். பிளேஸ்டேஷன் மேற்குலகச் சந்தைகளுக்குச் சென்ற 1995ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே யாழ்ப்பாண மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். ‘றெசிடன்ற் ஈவில்’ வெளிவந்த 1996இல் அவர்களுட் பலர் வன்னியில் மரநிழல்களிலும் கொட்டில்களிலும் வாழ்ந்தனர். மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்த அக்காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது வன்னி. ஆகவே உலகச் சந்தை எதனை ‘நமது இளமைக்காலம்’ என விற்கின்றதோ, அந்த இளமைக்காலம் துணுக்காயில் நிகழவேயில்லை. சமச்சீரற்ற வளர்ச்சி என மார்க்சியர் கூறுவது பொருளாதாரத்துக்கு மட்டுமன்றி நினைவுக்கும் பொருந்துவதாகும்.

அண்மையில் மாரிகால இரவொன்றில், துணுக்காயில் நாம் தங்கியிருந்த வீட்டின் பையன் ஒருவனுடன் இத்தகைய விளையாட்டொன்றை ஆடினோம். அவன் 2009இன் பின்னர் பிறந்தவன். இருண்ட நடைவழி, நெளியும் சுவர்கள், இடையறாது ஒலிக்கும் தாழ்ந்த முரலொலி. பையன் சிரித்துச் சிரித்துப் பயந்தான். அடுப்படியிலிருந்து வந்த தாயார் திரையைப் பார்க்கவேயில்லை. “தம்பி, அந்தச் சத்தத்தை நிப்பாட்டு. வண்டு சுத்துற மாதிரிக் கிடக்கு” என்றார். ஆளில்லா வேவு விமானத்துக்குப் போர்க்கால வன்னி மக்கள் வைத்த பெயர் வண்டு. அதன் பின்னால் எறிகணையும் குண்டுவீச்சும் வரும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 2008இல் துணுக்காயை விட்டுக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தவர்களுள் அத்தாயாரும் ஒருவர். பையன் ஒலியைக் குறைத்துவிட்டு, ஆட்டத்தை முடிக்காமலே மூடினான்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? அச்சம் வடிவத்தில் மட்டும் உறைவதன்று. அதனை ஏற்பவரின் வரலாற்றில் உறைவது. ஒரே முரலொலி ஒரு தலைமுறைக்குக் களிப்பு, மறு தலைமுறைக்குக் காயம். கலையின் ஏற்பு வர்க்கத்தாலும் தலைமுறையாலும் வரலாற்று அனுபவத்தாலும் நிர்ணயிக்கப்படுவது என்பதற்கு இதுவே தக்க சான்று.

வன்னிக்குத் தனக்கெனத் திகில் மரபு உண்டு என்பதும் மறக்கற்பாலதன்று. சூடு மிதிக்கும் களத்தில் பூதங்கள் நெல்லைக் கவர்ந்துவிடும் என அஞ்சி, களத்துப் பொருள்களை வழக்கமான பெயர்களாற் சுட்டாது வேறு சொற்களாற் சுட்டும் வழக்கு இங்கிருந்தது. வரிக்கும் வாரத்துக்கும் கடனுக்கும் நெல்லைப் பறிகொடுத்த உழவன், களவுபோகும் விளைச்சலைப் பூதத்தின் மேலேற்றிக் கண்டான் எனக் கொள்ளுதல் பொருந்தும். அப்பயம் உழைப்பிலிருந்து பிறந்தது. அதன் மொழியும் உழைப்போரால் ஆக்கப்பட்டது.

அத்தகைய ஆக்கம் இன்றும் சாத்தியமே. டொறன்ரோவின் விசை கேம்ஸ் குழுவினர் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றைச் சமையலின் வழியே காட்டி, தமிழ் வாழ்வு இவ்வூடகத்துக்கு அந்நியமன்று என நிறுவியது. இலவசக் கருவியான ‘கோடோ’வின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துக்களைச் சீராகக் காட்ட வல்லது. கருவி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. ஆயினும் போரின் துயரைத் திகிற் பண்டமாக்கி விற்பதும் அவ்வளவு எளிதே. துணுக்காயின் பையன் நாளை ஒரு விளையாட்டை ஆக்குவானாயின், அதில் மூடுபனியை எங்கு வைப்பது, எந்த ஒலியை விடுப்பது என்பவை வெறும் நுட்பப் பிரச்சினைகளாக இரா. அடுப்படியிலிருக்கும் தாயையும் மனத்திற்கொண்டு அவன் அவற்றைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். முற்போக்குத் திறனாய்வு அவனுக்கு உதவக்கூடிய இடமும் அதுவேயாகும்.