அரிதாரம் கலைத்த பிறகு...

பங்குனி பிறந்தால் வட மாவட்டங்களில் கூத்து ஜமாக்களுக்கு வேலை தொடங்கிவிடும். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா, மாரியம்மன் திருவிழா என்று ஆடி வரை ஆட்டம் உண்டு. கருமாதி வீடுகளில் ‘கர்ண மோட்சம்’ ஆடுவதும் வழக்கம். இரவில் களரி கட்டினால் விடியும் வரை ஓய்வில்லை.

கர்ணனாகவும் துரியோதனனாகவும் கிரீடம் தரித்து நிற்கும் நம் சேரிக் கலைஞர்களை ஊரே அண்ணாந்து பார்க்கிறது. விடிந்து, எண்ணெய் தடவி அரிதாரம் கலைத்ததும் அந்தப் பார்வை மாறிவிடுகிறது. ‘கூத்தாடி’ என்ற சொல்லே வசவாகிறது.

பேசிய தொகையும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. வண்டி வாடகை, சாமான் பங்கு, வாத்தியார் பங்கு போக மிஞ்சியதைத்தான் மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். மழைக்காலத்தில் வாங்கிய முன்பணம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஆட்டம் இல்லாத மாதங்களில் கரும்பு வெட்டு, செங்கல் சூளைதான்.

2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. பதிந்தவர் குடும்பத்துக்குக் கல்வி உதவி, திருமண உதவி, இறப்பு நிதி உண்டு. விண்ணப்பம் எழுதித்தர ஆளில்லாமல் பதியாதவர்கள், அட்டையைப் புதுப்பிக்காதவர்கள் இந்த உதவிகளை இழக்கிறார்கள்.

மாணவர்களே, உங்கள் தெருவில் கூத்தாடும் தாத்தாவிடம், சித்தப்பாவிடம் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். விழாக் குழுவில் இருப்பவர்கள், பேசிய பணத்தை விடிந்ததும் எண்ணிக் கொடுங்கள். சால்வை போர்த்துவது கூலி ஆகாது.