குறி இருக்கு... சைட்டுதான் இல்லை!

ஆடிக்காற்றுக்குப் புதுக்கோட்டைப் பக்கத்து வெட்டவெளி மைதானங்களில் தடுப்பே கிடையாது. செம்மண் புழுதியை வாரிக்கொண்டு வந்து நேராக இலக்குப் பலகையில் மோதும். அப்படியொரு காலையில் ஏழாம் வகுப்புப் படிக்கிற சிறுமி ஒருத்தி மூங்கில் வில்லோடு 30 மீட்டர் கோட்டில் நின்றாள். ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர்.

முதல் அம்பு இடப்பக்கம் நீலத்தில் குத்தி நின்றது. பலகைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த வேப்பங்கிளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்ததை வலப்பக்கம் தள்ளிப் பிடித்து விட்டாள். சிவப்பு. மூன்றாவது மஞ்சளில் போய் உட்கார்ந்தது.

“எதை வச்சும்மா குறி பார்க்கிறே?”

“அம்பு முனையைத்தான் சார். காத்து எவ்வளவு தள்ளுதுன்னு பார்த்துக்கிட்டு, அதுக்குத் தக்கன தள்ளிப் பிடிப்பேன்.”

பக்கத்துக் கோட்டில், நுனி வளைந்த நவீன ‘ரிகர்வ்’ வில்லோடு ஒரு பையன். அவனுடைய அம்பையும் அதே காற்று இடப்பக்கம்தான் தள்ளியது. அவன் கிளையைப் பார்க்கவில்லை. வில்லில் மாட்டியிருந்த குறிபார்க்கும் கருவியான ‘சைட்டின்’ சின்னத் திருகை இடப்பக்கம் இரண்டு கிளிக் திருப்பினான். அம்பு இடப்பக்கம் போனால் சைட்டையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும். நகர்ந்த புள்ளியைத் திரும்ப மஞ்சளில் வைக்கும்போது வில் வலப்பக்கம் வந்துவிடும். தூரம் கூடினால் புள்ளியைக் கீழே இறக்க வேண்டும். அப்போது வில் தன்னால் மேலே ஏறும். 30 மீட்டருக்கு எந்த எண், 50-க்கு எந்த எண் என்று பேனாவால் எழுதி வில்லிலேயே ஒட்டி வைத்திருந்தான். அவள் மனசுக்குள் போடுகிற கணக்கு, அவனுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கிறது.

மூங்கில் வில்லுக்கான ‘இந்தியன் ரவுண்ட்’ பிரிவில் சைட்டு கூடாது. நல்ல விதி. காசுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் சமமாக நிற்கிற இடம் அது ஒன்றுதான். மற்றப் பிரிவுகளில் விதி இழைத்து இழைத்துப் பார்க்கும். ரிகர்வ் வில்லில் ஒரே ஒரு சைட்டு. அதில் ஒரே ஒரு குறிப்புள்ளி. பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் கூடாது, ரசமட்டம் கூடாது, மின்னணுச் சமாச்சாரம் எதுவும் கூடாது. கண்ணுக்கு நேரே வரும் வளையம் 2 சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டக்கூடாது. கப்பி வைத்த ‘காம்பவுண்ட்’ வில்லுக்கு லென்ஸும் உண்டு, ரசமட்டமும் உண்டு. சைட்டே இல்லாத ‘பேர்போ’ பிரிவிலோ, நாண் கழற்றிய வில் 12.2 சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். குறிபார்க்க உதவுகிற மாதிரி வில்லில் ஒரு கறை, ஒரு கீறல் இருந்தால்கூட நடுவர் விடமாட்டார். போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு வில்லையும் வாங்கிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கூடாத பொருளோடு எய்தது தெரிந்தால், எடுத்த புள்ளிகள் பறிபோகலாம்.

இத்தனையையும் அளக்கிற விதிப்புத்தகம் சைட்டின் விலையை மட்டும் அளப்பதில்லை. சில ஆயிரத்தில் தொடங்கி முப்பதாயிரத்தைத் தாண்டிப் போகிறது. முழு ரிகர்வ் செட் என்றால் லட்சம்.

என் கவலையெல்லாம் பதினாலு, பதினைந்து வயதைப் பற்றித்தான். இந்தியன் ரவுண்ட் நம் நாட்டுக்குள்ளே ஆடுகிற ஆட்டம். பள்ளி விளையாட்டில் உண்டு, தேசியப் போட்டியில் உண்டு. ஆசியப் போட்டியிலோ ஒலிம்பிக்கிலோ கிடையாது. மூங்கில் வில்லில் எத்தனை பதக்கம் வாங்கினாலும் ஒரு நாள் ரிகர்வுக்கோ காம்பவுண்டுக்கோ மாறித்தான் ஆக வேண்டும். ரிகர்வில் சைட்டு கட்டாயம் என்று விதி எதுவும் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் 18 வயதுக்குட்பட்டோர் எய்ய வேண்டிய தூரம் 60 மீட்டர். அங்கே பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர், ஒரு டிபன் தட்டைவிடச் சின்னது. சைட்டு வைத்த வரிசையில் சைட்டில்லாமல் ஒரு பிள்ளையை நிறுத்துவது, போய்த் தோற்றுவிட்டு வா என்று அனுப்புவதுதான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்கிறது. 2023-ல் பெர்லினில் உலக சாம்பியனான மகாராஷ்டிரத்து அதிதி சுவாமிக்கு அப்போது 17 வயது. அவர் கையில் இருந்ததும் காம்பவுண்ட் வில்தான்.

மூங்கில் வில்தான் கண்ணையும் கையையும் பழக்கும், சைட்டுக்கு அவசரம் வேண்டாம் என்கிற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். உதாரணத்துக்கு லிம்பா ராமைச் சொல்வார்கள். ராஜஸ்தான் காட்டில் மூங்கில் வில்லோடு திரிந்த பழங்குடிச் சிறுவன்தானே அவர் என்பார்கள். உண்மைதான். ஆனால் 1987-ல் அரசின் தேர்வுக் குழு அவரைக் கண்டெடுத்து டெல்லிக்குக் கூட்டிப்போய் நவீன வில்லைக் கையில் கொடுத்தது. அடுத்த வருடம் சியோல் ஒலிம்பிக். ஜார்க்கண்டின் தீபிகா குமாரியும் வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான் பழகினார். 2006-ல் ஜாம்ஷெட்பூர் அகாடமியில் சேர்ந்த பிறகு அவர் கைக்கு முறையான கருவி வந்தது. 2009-ல் இளையோர் உலகப் பட்டம், 2010 டெல்லி காமன்வெல்த்தில் இரண்டு தங்கம். இரண்டு பேருக்குமே சரியான வயதில் யாரோ ஒருவர் வில்லைக் கொடுத்திருக்கிறார்கள்.

கருவியை வாங்கி வைத்துக் கொடுப்பது புதுக்கோட்டைக்குப் புதுசும் இல்லை. இங்கே ஆண்ட தொண்டைமான்களின் ஆயுதசாலையில், எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான வளரிகளை எப்போதும் இருப்பு வைத்திருந்ததை, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளில் படிக்கலாம். எறிகிறவன் திறமை அவனோடு. எறிய வேண்டியதைச் சேர்த்து வைத்தது அரண்மனை. இன்றைக்கும் மாவட்டத்துக்குப் பத்து செட் ரிகர்வ் வில், சைட்டோடு வாங்கி வைத்தால் போதும். நூலகப் புத்தகம் மாதிரி பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம், வருட முடிவில் திருப்பி வாங்கலாம். சைட்டு தேய்ந்து போகிற பொருள் இல்லை. கழற்றி அடுத்த பிள்ளையின் வில்லில் மாட்ட ஐந்து நிமிடம் ஆகாது. சைட்டு உள்ள பிரிவுக்கு ஒரு பிள்ளையை மாற்றுகிற அன்றே, கருவி யார் பொறுப்பு என்பதையும் எழுதி வைத்துவிட வேண்டும். சொந்த சைட்டு கொண்டு வந்தால்தான் பெயர் சேர்ப்போம் என்ற பேச்சு எந்த மைதானத்திலும் எழக்கூடாது.

வெயில் ஏறியதும் பையன் வில்லைத் தாங்கியில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். அவள் கிட்டே போய்க் குனிந்து, தொடாமல், அந்த வளையத்துக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள். அவன் திரும்பி வந்ததும் கேட்டாள்.

“அண்ணே, ஒரு கிளிக்குக்கு அம்பு எவ்வளவு நகரும்?”

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

“30 மீட்டர்ல ஒரு அளவு, 50-ல வேற அளவுதானேண்ணே வரும்?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல், குத்தி நின்ற அம்புகளைப் பிடுங்கப் பலகையை நோக்கி நடந்தாள்.