உஷார்! கேன் தண்ணி உள்ளே வரும், பூனை வெளியே போகும்

புதிதாகப் பூனை கொண்டுவந்திருக்கிறீர்களா? முதலில் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்துங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சென்னை அடையாறில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குச் சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்த இரண்டாம் நாள், கேன் தண்ணீர் போடுகிறவருக்காகக் கதவைத் திறந்தோம். கேனைத் தரையில் 'டொம்'மென்று வைத்தார். சோபாவுக்கு அடியிலிருந்து ஏதோ பாய்ந்தது, அவ்வளவுதான். தெருத் தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். வைத்து ஒரு நாள்தான் ஆன பெயர். அதற்கு எப்படித் தெரியும்? நான்காம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்தபோது, கீழே மீட்டர் பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு கண்கள் பளிச்சிட்டன. நாங்கள் கத்திக் கூப்பிட்டதையெல்லாம் அங்கிருந்தே கேட்டுக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறது. பயந்த பூனை பெரும்பாலும் தூரம் போகாது, குரலும் கொடுக்காது.

தப்பு எங்களுடையது. வந்த அன்றே வீடு முழுக்கத் திறந்துவிட்டோம். கல்யாணப் பெண்ணைப் பார்க்க வருவதுபோல அக்கம்பக்கத்தார் வந்து ஆளுக்கொரு தரம் தூக்கினார்கள். அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு அறை. ஒரு மூலையில் மலஜலம் கழிக்க மண் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே கைவிட்டு இழுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். அதுவாக வந்து உரசும். மூன்று நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். முன்பிருந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே கொடுங்கள். பசும்பால் வேண்டாம், பல பூனைகளுக்கு வயிற்றால் போகும்.

மயிலாப்பூர், தி.நகர் அடுக்குமாடிகளில் பால்கனிக்குக் கட்டியிருக்கும் புறா வலையை நம்பவே நம்பாதீர்கள். அந்த நைலானைப் பூனை கடித்து ஓட்டை போட்டு சன்ஷேடில் இறங்கிவிடும். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் கழற்றிய ஓட்டை இருந்தால் அடையுங்கள். வாஷிங் மெஷினைப் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

ஒளிந்திருப்பதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. ஒரு நாள் முழுக்க ஒரு வாய்கூடத் தின்னாவிட்டால் டாக்டருக்குப் போன் போடுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து. ஆண் பூனை மண் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, சொட்டு மூத்திரம் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இடம் மாறிய மிரட்சியிலும் இந்த மூத்திர அடைப்பு வரும். ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை இருக்கிறது. அது தூரமென்றால் பக்கத்து கிளினிக், ஆனால் உடனே.

உடம்பு சுடுகிறதென்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அதற்கு விஷம்.

மிரட்சியில் அது உங்களைக் கடித்தாலோ பிராண்டினாலோ, குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பார்த்து வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றிக் கேளுங்கள். பூனைக்கும் வெறிநோய் உண்டு. 'சின்னக் கீறல்தானே' என்கிற மாமா எல்லா வீட்டிலும் இருப்பார்; அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, நாள் பார்த்து அழைத்து வாருங்கள். ராகுகாலத்தைச் சொல்லவில்லை, பட்டாசையும் கூட்டத்தையும் சொல்கிறேன். தீபாவளி வாரத்தில் தி.நகருக்கும், அறுபத்துமூவர் திருவிழா அன்று மயிலாப்பூர் மாட வீதிக்கும் புதுப் பூனை வேண்டாம். கிண்டி புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்திலோ வேறெங்கோ எடுப்பதாக இருந்தால் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள்.

எங்கள் வாசல் கதவின் உள்பக்கம், கண் மட்டத்தில், 'பூனை எங்கே?' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்போம். உங்கள் வீட்டிலும் இன்றைக்கே ஒன்று எழுதி ஒட்டிவிடுங்கள், நாளைக்குக் கேன்காரர் வருவதற்குள்.